காலபிள் கேப்பிட்டல்: 'அழைப்பு முதல்' வேண்டாம், 'பிணைமுதல்' ஆகட்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கான பொருளியல் சொற்பட்டியலில் உலக வங்கி போன்ற வளர்ச்சி வங்கிகள் பற்றிய பகுதி 'காலபிள் கேப்பிட்டல்' (callable capital) என்ற சொல்லில்தான் நிற்கிறது. உறுப்பு நாடு தருவதாக ஒப்புக்கொண்டு, ஆனால் ரொக்கமாகச் செலுத்தாமல் வைத்திருக்கும் பங்குமுதல் அது. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதே கேள்வி. வந்த கருத்துகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

> வணிகவியல் பாடநூல்களில் 'அழைக்கப்பட்ட முதல்' ஏற்கெனவே இருக்கிறது. அதையொட்டி 'அழைப்பு முதல்' என்றே வைக்கலாமே?

ஐயா, நிறுவனப் பங்குகளுக்கு அது பொருந்தும். அங்கே மீதிப் பணத்தைக் கேட்டு வாங்கினால் அது தொழிலுக்குள் போகும். உலக வங்கியின் சாசனம் அதற்கு இடம் தரவில்லை. உறுப்பு நாடுகள் செலுத்தாமல் வைத்திருக்கும் இந்தப் பங்கைப் புதுக் கடன் கொடுப்பதற்காகக் கேட்க முடியாது. வங்கி தான் வாங்கிய கடனையோ கொடுத்த உத்தரவாதத்தையோ நிறைவேற்ற வழியில்லாமல் போனால் மட்டுமே கேட்கலாம். அதாவது, வங்கியின் கடன்பத்திரத்தை வாங்கியவருக்கு அரசுகள் பிணை நிற்கின்றன. 1947-இல் உலக வங்கி நியூயார்க்கில் முதன்முதலாக 25 கோடி அமெரிக்க வெள்ளிக்குப் பத்திரம் விற்றபோது முதலீட்டாளர்கள் முக்கியமாகப் பார்த்தது அமெரிக்கா செலுத்தாமல் வைத்திருந்த பங்கைத்தான். அன்று முதல் இன்றுவரை அந்தப் பணத்தை உலக வங்கி கேட்டதே இல்லை. 'அழைப்பு முதல்' என்று படிக்கும் மாணவர், இது அவ்வப்போது கேட்டு வாங்கப்படும் பணம் என்றே நினைப்பார்.

> 'வாக்கு முதல்' என்றால் வாக்குறுதி, வாக்குரிமை இரண்டும் வந்துவிடுமே?

அழகான சொல், விட மனமில்லாமல்தான் விடுகிறேன். ரொக்கமாகச் செலுத்திய பங்குக்கும் வாக்குரிமை உண்டு என்பதால் அந்தச் சொல் செலுத்திய பங்கையும் செலுத்தாத பங்கையும் பிரித்துக் காட்டாது. ஆனால் அக்கா சுட்டியது இந்தப் பாடத்தின் உயிர்நாடி. வாக்குகள் பெரும்பாலும் ஒப்புக்கொண்ட மொத்தப் பங்கைப் பொறுத்தவை, செலுத்திய ரொக்கத்தைப் பொறுத்தவை அல்ல. ஆசிய வளர்ச்சி வங்கி 2009-இல் தன் முதலை 55 பில்லியன் வெள்ளியிலிருந்து 165 பில்லியனுக்கு உயர்த்தியபோது, புதிய பங்குகளில் ரொக்கம் 4 விழுக்காடு, மீதி 96 விழுக்காடும் பிணை. ஓர் அரசு தன் வரவுசெலவுத் திட்டத்தில் சிறு தொகையை ஒதுக்கி, பெரிய தொகைக்குரிய குரலைப் பெறுவது இப்படித்தான். உலக வங்கியின் சாசனத்தைத் திருத்த 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் சுமார் 16 விழுக்காடு இருப்பதால் அது தனியாகவே தடுத்துவிடலாம். 'இந்த நாடு இத்தனை பில்லியன் வழங்கியது' என்று செய்தி வரும்போது அதில் ரொக்கம் எவ்வளவு, பிணை எவ்வளவு என்று நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கையில் சொல் வேண்டும்.

> பிணை என்றாலே நீதிமன்ற ஜாமீன்தான் நினைவுக்கு வரும்.

வரட்டும். ஒருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பதே இரண்டிலும் பொருள். அடமானமாக வைக்கும் சொத்துக்குப் 'பிணையம்' என்ற சொல் தனியே இருப்பதால் குழப்பம் வராது. ஜோடியாக 'செலுத்துமுதல்', 'பிணைமுதல்' என்று நிறுத்தினால் படிப்பவருக்கு வேறுபாடு உடனே விளங்கும்.

இதோடு இன்னொரு சொல்லையும் முடித்துவிடலாம். உலக வங்கிக் குழுமத்தின் கிளையாக 1960-இல் தொடங்கிய அனைத்துலக வளர்ச்சிச் சங்கம் ஏழை நாடுகளுக்குச் சலுகைக் கடனும் மானியமும் தருவதால் அதன் கையிருப்பு கரைந்துகொண்டே இருக்கும். கொடையாளர் நாடுகள் வழக்கமாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடி நிதி தருகின்றன. பட்டியலில் இதற்கு 'மீள்நிரப்பல்' என்று இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் நிரப்புவதுபோல் ஒலிக்கும் அந்தச் சொல்லில் பேரம் எங்கே? நர்மதை சர்தார் சரோவர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக வங்கியே அமைத்த சுயேச்சைக் குழு 1992-இல் திட்டத்தைக் கடுமையாகக் குறை கூறியது. 1993-இல் இந்தியா எஞ்சிய கடனை வேண்டாம் என்றது. அதே காலத்தில், சங்கத்துக்கான பணத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய அமெரிக்க நாடாளுமன்றத்தில், பாதிக்கப்பட்டவர்கள் முறையிட ஓர் அமைப்பும் வெளிப்படையான தகவல் கொள்கையும் வராவிட்டால் பணம் இல்லை என்ற நெருக்குதல் எழுந்தது. அந்த ஆண்டே விசாரணைக் குழு அமைந்தது. வீடிழந்த குடியானவரும் வங்கியிடம் முறையிட ஒரு வாசல் திறந்தது. எனக்கு இது மகிழ்ச்சி தரும் முடிவு. ஆனால் இதே பிடியை ஒரு கொடையாளர் தன் சொந்த நலனுக்காகவும் இறுக்கலாம் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே 'கொடைச்சுற்று' என்று முன்மொழிகிறேன். சுற்று என்றாலே பேச்சுவார்த்தை உள்ளே வந்துவிடுகிறது, எண்ணிட்டும் சொல்லலாம். 2024 டிசம்பரில் முடிந்த இருபத்தோராம் கொடைச்சுற்றில் நாடுகள் அறிவித்த கொடை 23.7 பில்லியன் வெள்ளி. சந்தையில் திரட்டுவது முதலியவற்றைச் சேர்த்து அதை 100 பில்லியனாக்குவது திட்டம்.

சிங்கப்பூரும் ஒரு காலத்தில் உலக வங்கியிடம் கடன் வாங்கிய நாடு. இன்று பிணை நிற்கும் பங்குதாரர். நம் அதிபர் தர்மன் சண்முகரத்னம் தலைமையில் 2018-இல் ஜி20 நாடுகளுக்கு அளிக்கப்பட்ட அறிக்கையும் இந்த வங்கிகளைப் பற்றிப் பேசியது. இதைத் தமிழில் பேச முடியாமல் நம் பிள்ளைகள் திணறக் கூடாது.

பட்டியலில் இப்படிப் பதியலாம்:

பிணைமுதல்: வளர்ச்சி வங்கியின் பங்குமுதலில் உறுப்பு நாடு செலுத்தாமல், வங்கியின் கடன்களுக்குப் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளும் பகுதி.

மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் அதை ஒரு முழு வாக்கியத்தில் பயன்படுத்தி அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்போம்.

அன்புடன்,
சொற்பட்டியல் தொகுப்பாளர்