மறு: ‘இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டம்’ தமிழில் எப்படி?

வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டே இருந்தேன், இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது.

> பிரேதப் பரிசோதனை விசாரணை என்று போட்டால் போதாதா?

போதாது ஐயா. இது அந்தக் கால இங்கிலாந்தில் நிலம் வைத்திருந்தவர் இறந்ததும் நடந்த அரசு விசாரணை. இதில் பிணத்தை யாரும் தொடவே இல்லை, பிரித்துப் பார்த்ததெல்லாம் செத்தவரின் நிலத்தைத்தான். இன்க்விசிஷன் என்றதும் ஸ்பெயினின் மத விசாரணை ஞாபகம் வருகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் ‘இறப்புக்குப் பின் விசாரித்தல்’, அவ்வளவுதான்.

> மரண விசாரணை

இதுவும் சரிவராது. இலங்கையில் ‘திடீர் மரண விசாரணை அதிகாரி’ என்று ஒரு பதவியே இருக்கிறது. அங்குள்ளவர்கள் படித்தால் யாரோ கிணற்றில் விழுந்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

நடந்தது என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் இறந்தால், மன்னரின் ஆணைகளை எழுதி அனுப்பும் அலுவலகமான சான்சரியிலிருந்து ‘எஸ்கீட்டர்’ என்ற அதிகாரிக்கு ஓர் ஆணை போகும். ‘டியம் கிளாசிட் எக்ஸ்ட்ரீமம்’ என்று அதற்குப் பெயர், ‘தன் கடைசி நாளை முடித்துக்கொண்டார்’ என்று பொருள், நம் ஊர்ச் சொல்லில் ‘காலமானார்’. எஸ்கீட்டர் அந்த மாவட்டத்துக்காரர்கள் பன்னிரண்டு பேரையோ அதற்கு மேலோ கூட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்பார்: என்ன நிலம் வைத்திருந்தார், யாரிடமிருந்து, என்ன சேவைக்காக, ஆண்டுக்கு என்ன தேறும், என்றைக்கு இறந்தார், அடுத்த வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது. பதிலை எழுதி முத்திரையிட்டுச் சான்சரிக்கு அனுப்புவார்கள். மூன்றாம் ஹென்றி காலத்தில், 1236 வாக்கில் தொடங்கி 1660 வரை இது நடந்தது. அந்தப் பதிவுகள் கட்டுக்கட்டாக இன்றும் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

> வாரிசு விசாரணை. நம் வி.ஏ.ஓ. செய்வதுதானே?

பாதி சரி. ஆனால் நம் ஊரில் வாரிசுச் சான்றிதழ் கேட்டு குடும்பம்தான் அலைகிறது. அங்கே விசாரணையே மன்னருக்கு வரவேண்டியதைக் கணக்குப் பார்க்க. வாரிசு வயது வந்தவராக இருந்தால் நிலத்தைக் கையில் வாங்க ஒரு தொகை கட்டவேண்டும் (1215-இன் மாக்னா கார்ட்டாவே பிரபுவுக்கு 100 பவுண்டு என்று வரம்பு போட்டது). சிறுவனாக இருந்தால் 21 வயதுவரை வருமானம் மன்னருக்கு, அவனுக்கு யாரைக் கட்டிவைப்பது என்ற உரிமையும் மன்னருக்கு, இரண்டையும் மன்னர் வெளியாளுக்கு விற்கவும் செய்யலாம்! அதனால்தான் வயதைக் கேட்கிறார்கள். ராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் (வாரிசு சிறுவராக இருக்கும் ஜமீனை வெள்ளைக்கார அரசு நிர்வகித்த அமைப்பு) தெரிந்திருக்கும், பாஸ்கர சேதுபதி சிறுவனாக இருந்தபோது ஜமீன் அதன் கையில்தான் இருந்தது. அந்தப் பெயரே இங்கிலாந்தின் இந்த ஏற்பாட்டிலிருந்து வந்ததுதான்.

‘சொத்து விசாரணை’ என்று இந்த இழையில் அக்கா ஒருவர் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு உறுத்துவது அந்தச் ‘சொத்து’தான். நிலம் அவர்கள் சொத்தே இல்லை. எல்லா நிலமும் கடைசியில் மன்னருடையது, இவர்கள் போர்ச்சேவைக்கோ வேறு ஏதாவது கடமைக்கோ அதைப் பிடித்து வைத்திருப்பவர்கள். ‘காணி’ என்றாலும் பரம்பரை உரிமை வாடை அடிக்கிறது. இதற்குச் சரியான சொல் கல்வெட்டிலேயே இருக்கிறது: பற்று. ஜீவிதப்பற்று, படைப்பற்று என்று வருகிறதே, சேவைக்கு ஈடாக வைத்திருக்கும் நிலம். அதனால் என் பரிந்துரை ‘இறந்தார் பற்றுநில விசாரணை’. ஒரு கட்டுரையில் முதல்முறை முழுசாகப் போட்டுவிட்டு அப்புறம் ‘பற்றுநில விசாரணை’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

‘நிலப்பற்று’ என்று திருப்பிப் போடாதீர்கள், நாட்டுப்பற்று மாதிரி ஆகிவிடும். மன்னரிடம் நேரே நிலம் பெற்றவரை முதலில் ‘நேர்ப்பற்றாளர்’ என்று எழுதிப்பார்த்தேன், தமிழ்ப் பற்றாளர் கூட்டத்தில் இன்னொரு பிரிவு போல இருந்தது, ‘நேர்ப்பற்றினர்’ பரவாயில்லை. வாரிசில்லாமல் நிலம் திரும்பி வருவதை ‘மீள்வு’ என்றால் எஸ்கீட்டர் ‘மீள்வு அதிகாரி’ ஆகிவிடுவார்.

இதோடு ஒட்டிய ‘வயது நிறுவல்’ என்ற சொல்லையும் சேர்த்துவிடலாம். வாரிசு தனக்கு வயது வந்துவிட்டது என்றால் அதற்குத் தனி விசாரணை. தேவாலயப் பதிவேடுகள் 1538-இல்தான் ஆரம்பம், அதற்கு முன் சாட்சிகளின் ஞாபகம்தான்: அந்த வருஷம்தான் என் வீடு எரிந்தது, குதிரையிலிருந்து விழுந்து என் கால் முறிந்தது, என் மகன் பிறந்தான். நம் பாட்டிமார் புயலை வைத்து வயது சொல்வது போலத்தான். ஆனால் ஒரே கதை வெவ்வேறு ஊர்ப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருவதால் எழுத்தர்கள் அச்சடித்த மாதிரி எழுதிக்கொண்டார்களோ என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்த்தேன்: “கொள்ளைநோய்க்குப் பின் 1349-இல் நடந்த பற்றுநில விசாரணைகளில், அரைக்க ஆளில்லாததால் ஆலைக்கு மதிப்பில்லை என்பது போன்ற குறிப்புகள் வருகின்றன.” எனக்கு இடறவில்லை. ‘மீள்வு’ மட்டும் கொஞ்சம் இழுக்கிறது, அதற்கு வேறு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் போடுங்கள்.