புரோக்ராஸ்டினேஷன்: ‘ஒத்திவைப்பு’ போதுமா?

‘புரோக்ராஸ்டினேஷன்’ (procrastination) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘ஒத்திவைப்பு’ என்றே வைத்துவிடலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வழக்கை ஒத்திவைப்பார்கள், அவையை ஒத்திவைப்பார்கள். அங்கே ஒருவர் முடிவெடுக்கிறார், காரணம் சொல்கிறார், பெரும்பாலும் மறுதேதியும் தருகிறார். புரோக்ராஸ்டினேஷனில் அந்தச் சடங்கெல்லாம் கிடையாது. தள்ளினால் நட்டம் நமக்குத்தான் என்று தெரிந்தே தள்ளுவது அது. கட்டுரை எழுத உட்கார்ந்தவர் முதல் வரிக்கு முன்னால் மேசையைத் துடைக்கிறார், கோப்புகளுக்குப் பெயர் மாற்றுகிறார், அப்புறம் நல்ல எழுத்துரு தேடுகிறார். ஆள் சும்மா இல்லையே, ‘சோம்பல்’ எப்படிப் பொருந்தும்? ‘இழுத்தடிப்பு’ம் ஆகாது, அதில் அலைவது எதிராளி.

லத்தீன் மூலத்தில் ‘நாளைக்குரிய’ என்ற பொருள் இருப்பதால் ‘நாளை’யை வைத்தே சொல் கட்டலாம் என்ற யோசனை அழகுதான். ஆனால் ‘நாளைப்போவார்’ என்றதும், தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் பெற்ற நாயனார் நந்தனார் நினைவுக்கு வந்துவிடுவார். அவரைத் தில்லைக்குப் போகவிடாமல் நிறுத்தியது சாதி. அந்தப் பெயரை இந்தக் குணத்தோடு ஒட்டுவது நியாயமில்லை.

பழஞ்சொல் வேண்டுமென்றால் குறளில் இருக்கிறது. ‘நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்’ என்று தொடங்கும் 605ஆம் குறளில் வரும் ‘நெடுநீர்’, விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பு. மறதி, சோம்பல், தூக்கம் மூன்றிலிருந்தும் பிரித்து, முதலாவதாகவே இதை எண்ணியிருக்கிறார் வள்ளுவர். 672இல் ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்கிறார். ஆறப்போட்டுச் செய்ய வேண்டிய வேலையை ஆறப்போடு என்று அர்த்தம். ஆக, வேண்டிய தாமதம் வேறு, நெடுநீர் வேறு. சிக்கல் என்னவென்றால், இன்று நெடுநீர் என்றால் கடல்தான் தோன்றும். ‘நெடுநீர்மை’ என்று ஆக்கினால் உளவியல் பாடநூல் தாங்கும், பேச்சு தாங்காது.

என் ஓட்டு ‘தள்ளிப்போடல்’. ‘அவருக்குத் தள்ளிப்போடும் பழக்கம் உண்டு’ என்றால் விளக்கமே வேண்டாம். குறைசொல்லும் தொனியும் தானாக வந்துவிடுகிறது. இலங்கை வழக்கின் ‘பிற்போடு’வில் அந்தத் தொனி இல்லை. தேர்தல் பிற்போடப்பட்டது என்பார்கள், அது ஒத்திவைப்பின் பக்கம்.

செயலிகளில் அலாரத்தைச் சற்று நேரம் தள்ளும் பொத்தானுக்கு மட்டும் ‘ஒத்திவை’யே இருக்கட்டும். அங்கே நாம் பெயரிடுவது ஒரு கட்டளைக்கு, குணத்துக்கு அல்ல.