முதலுக்கே மோசம் வருமா? பழைய தொழில்களை ரிஸ்க் பார்த்து அட்டையாக்கிய அனுபவங்கள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து முதலீட்டு போர்டு கேம் ஒன்றை உருவாக்கி வருகிறோம். பணம் போட்டு, பகடை உருட்டி, ஈவுத்தொகை வாங்கும் வழக்கமான அமைப்புதான். தொழில்கள் மட்டும் எல்லாமே வரலாற்றில் நிஜமாக நடந்தவை. பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று ரிஸ்க் நிறங்கள் வைத்திருக்கிறோம். எந்தத் தொழில் எந்த நிறத்துக்குப் போகும் என்பதில்தான் இரவெல்லாம் வாக்குவாதம்.

சூயஸ், பனாமா இரண்டையும் மேஜையில் வைத்த நாளைச் சொல்கிறேன். சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டது. முதல் சில ஆண்டுகள் தள்ளாடினாலும் பிறகு பங்குதாரர்களுக்கு அள்ளிக் கொடுத்தது. விளையாட்டிலும் அப்படியே கொடுத்தது. சில சுற்றுகள் கழித்து பனாமா அட்டை வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அதைக் கையில் எடுத்து, பெயரைப் படித்துவிட்டு, "லெஸ்ஸெப்ஸா? சூயஸை வெட்டினவர்தானே? கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்றார். இருந்த காசையெல்லாம் அதில் வைத்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் அவரைப் பார்த்துப் போட்டார்கள்.

1880களில் பிரான்சில் சிறுசேமிப்பு வைத்திருந்த லட்சக்கணக்கானோரும் இதையே நினைத்துத்தான் பணம் கொடுத்தார்கள். 1889இல் லெஸ்ஸெப்ஸின் அந்தப் பனாமா கம்பெனி கலைக்கப்பட்டது. மலேரியா, மஞ்சள் காய்ச்சல், சரிந்துகொண்டே இருந்த குலேப்ரா மலைப்பகுதி, மழைக்காலத்தில் பொங்கிய சாக்ரெஸ் ஆறு எல்லாம் சேர்ந்து முதலையே விழுங்கிவிட்டன. கால்வாயை அமெரிக்கா எடுத்து முடித்தது 1914இல்.

முடிவு தெரிந்துகொண்டு பனாமாவுக்குச் சிவப்பு பூசினால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அன்றைய மனிதர்கள் ஏன் ஏமாந்தார்கள் என்பதும் விளங்காது. ஆகவே எங்கள் அட்டையில் நிறம், அந்தக் காலத்து ஆட்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் காட்டும். பனாமா மஞ்சள். பகடைக் கணக்கு மட்டும் உண்மையாக நடந்ததை ஒட்டி இருக்கும்.

இன்னொரு விஷயத்திலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். லாபம் ஏறி இறங்குவது ஒன்று, போட்ட முதல் போவது வேறு. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்கக் கூடாது. இங்கிலாந்தின் தென்கடல் கம்பெனியின் பங்கு 1720 ஜனவரியில் சுமார் 130 பவுண்டில் இருந்து, கோடையில் ஆயிரத்தை நெருங்கி, ஆண்டு முடிவதற்குள் 200க்குக் கீழே விழுந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் அழிந்தார்கள். கம்பெனியோ 1853 வரை இருந்தது. 130க்கு வாங்கி அசையாமல் உட்கார்ந்திருந்தவருக்கும் 900க்கு வாங்கியவருக்கும் ஒரே நிறம் எப்படிப் பொருந்தும்? எனவே அதன் அட்டையில், வாங்கும் விலை ஏற ஏற ரிஸ்க்கும் ஏறும்படி வைத்தோம்.

நீங்கள் விளையாடியபோது எந்தத் தொழில் எப்படி நடந்துகொண்டது என்று சொல்லுங்கள்.

*

வணக்கம் சார். நான் வரலாற்று ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் இதேபோல் அட்டைகள் செய்து விளையாட வைக்கிறேன். நிறம் பற்றி நீங்கள் சொன்னதை முழுதாக ஏற்க மனம் வரவில்லை. அன்றைய ஆட்களுக்கும் கண் இருந்தது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற இடங்களை அட்டையில் காட்ட வேண்டாமா?

என் வகுப்பில் சூயஸ், பனாமா இரண்டு அட்டைகளிலும் நிலத்தின் குறுக்குவெட்டுப் படத்தைச் சின்னதாக வரைந்து வைத்தேன், விளக்கம் எதுவும் எழுதாமல். சூயஸ் கிட்டத்தட்ட தட்டையான மணல். லாக் (கப்பலை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் அடைப்பு) இல்லாமலேயே கடல்மட்டத்தில் வெட்டிவிட முடிந்தது. பனாமாவில் நடுவே மலை. அங்கேயும் கடல்மட்டத்தில்தான் வெட்டுவேன் என்று தொடங்கினார்கள். பின்வரிசைப் பெண் ஒருத்தி இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மிஸ், ஆள் ஒண்ணுதான், ஆனா மண்ணு வேற" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டாள். அதை நான் சொல்லித்தர நினைத்திருந்தால் ஒரு பாடவேளை போயிருக்கும்.

எனக்குப் பிடித்த இன்னொரு தொழில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1602இல் சுமார் 64 லட்சம் கில்டர் முதலோடு தொடங்கியது. போட்ட பணத்தைக் கம்பெனியிடம் திரும்பக் கேட்பது லேசில்லை, பங்கை இன்னொருவருக்கு விற்கலாம். முதல் ஈவுத்தொகை 1610இல்தான் வந்தது, அதுவும் ஜாதிபத்திரியாக! பிள்ளைகளுக்குக் காசு டோக்கனுக்குப் பதில் ஜாதிபத்திரி டோக்கன் கொடுத்தேன். எல்லோரிடமும் அதுவே இருந்ததால் விலை சரிந்தது. விற்க ஆள் தேடி வகுப்பைச் சுற்றி வந்தார்கள். லாபம் இருந்தும் கையில் காசு இல்லாத ரிஸ்க் என்று ஒன்று உண்டு, சார். உங்கள் மூன்று நிறங்களில் அது எங்கே உட்காரும்?

*

மேடம் சொன்ன படம் அருமை. நான் கடல்வழிச் சரக்குக் காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன். எங்கள் ஆட்டத்தில் பண்டைய ஏதென்ஸின் கப்பல் கடன் அட்டை ஒன்று சேர்த்திருக்கிறோம். கம்பெனி, பங்கு எதுவும் கிடையாது. ஒரு பயணத்துக்குக் கடன் கொடுப்பீர்கள். சரக்கு பத்திரமாக வந்தால் வட்டியோடு திரும்பும், கப்பல் மூழ்கினால் கடனும் அதோடு போச்சு.

ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் பெயரில் உள்ள நீதிமன்ற உரைகளில் ஒன்றில் இப்படியொரு ஒப்பந்தம் முழுதாக இருக்கிறது. 3000 திராக்மா கடன், அடமானம் மெண்டே என்ற கிரேக்க ஊரின் ஒயின் 3000 ஜாடி. கருங்கடல் போய் வர ஆயிரத்துக்கு 225 வட்டி. ஆர்க்டூரஸ் விண்மீன் எழும் நாளைத் தாண்டிக் கருங்கடலிலிருந்து புறப்பட்டால் ஆயிரத்துக்கு 300. இலையுதிர் காலப் புயலுக்கு அவர்கள் போட்ட விலை அந்த வித்தியாசம். ரிஸ்க் அளவை நாம் ஊகிக்கவே வேண்டாம், கொடுத்தவனே எண்ணாக எழுதி வைத்திருக்கிறான். இப்படி விலை எழுதியிருக்கும் தொழில்களைத் தேடி எடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எங்கள் ஆட்டத்தில் எல்லோரும் 225லேயே கிளம்பப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் தாமதமாகக் கிளம்பும் கப்பல்களுக்கே கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டால், "ஒரே கப்பல்ல 300 காசு போட மாட்டேன், ஆறு கப்பல்ல 50, 50ஆ போடுறேன்" என்றார். இரண்டு கப்பல் போயும் ஆட்டத்தில் அவர்தான் மேலே இருந்தார். ஒரு கப்பலுக்குச் சிவப்பாக இருப்பது ஆறு கப்பலுக்கு மஞ்சளாகிவிடுகிறது. அட்டையின் நிறம், பணத்தை எத்தனை கப்பல்களில் பிரித்துப் போடுகிறோம் என்பதையும் பொறுத்தது.

அந்த வழக்கு எதனால் வந்தது தெரியுமா? புயலால் வரவில்லை. கடன் வாங்கியவர்கள் சொன்ன ஒயினில் 500 ஜாடிகூட ஏற்றவில்லை என்பது கடன் கொடுத்தவரின் புகார். கடல் ரிஸ்க்கோடு ஆள் ரிஸ்க்கும் சேர்ந்தே வருகிறது. எங்கள் பகடையில் 1 விழுந்தால் புயல், 2 விழுந்தால் ஏமாற்று.

*

இரண்டு பேருக்கும் நன்றி. மேடம் கேட்டதற்கு: ஜாதிபத்திரிக்குத் தனி நிறம் தேவையில்லை, பூட்டுச் சின்னம் ஒன்று போடப் போகிறோம். பூட்டு உள்ள அட்டையில் பணம் இத்தனை சுற்று முடங்கும் என்று எழுதியிருக்கும். குறுக்குவெட்டுப் படத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நிறம் ஊர்ப்பேச்சைச் சொல்லட்டும், படம் நிலத்தைச் சொல்லட்டும்.

ஒரே தொழிலின் நிறம் காலத்தோடு மாறுவதையும் இந்த வாரம் சேர்த்தோம். அமெரிக்க ஐஸ் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1806இல் மார்டினிக் தீவுக்கு ஐஸ் ஏற்றிப் போய் நஷ்டப்பட்டார். கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1833இல் அவருடைய கப்பல் சுமார் 180 டன் ஐஸுடன் பாஸ்டனில் இருந்து கிளம்பி, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது 100 டன் போல மிச்சம் இருந்தது. மரத்தூள் போட்டு அடுக்கும் வித்தையும் ஐஸ் கிடங்குகளும் தேறத் தேற, சிவப்பு மஞ்சளுக்கு இறங்கியது. அதனால் ஐஸ் அட்டையில், உருகும் நஷ்டத்தைக் காட்டும் காய்களில் சுற்றுக்கு ஒன்றை எடுத்துவிடுவோம்.

திமிங்கில வேட்டை இதற்கு நேர் எதிர். 1859இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டியதும், விளக்குக்கு மண்ணெண்ணெய் மலிவாக வரத் தொடங்கியது. 1871இல் அலாஸ்கா கடலோரத்தில் 33 திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பனிக்கட்டியில் மாட்டி, ஆட்கள் எல்லோரும் தப்பினாலும் கப்பல்களைக் கைவிட வேண்டியதாயிற்று. பனியில் ஒரு கப்பல் போவதற்குப் பகடை போதும். மண்ணெண்ணெய்க்கு என்ன செய்வது? பணத்தை எத்தனை கப்பல்களில் பிரித்துப் போட்டாலும் அது எல்லாரையும் ஒரே நேரத்தில் அடிக்கும். காப்பீட்டு நண்பர் சொன்ன ஆறு கப்பல் உத்தி அங்கே உதவாது. அதற்காக நடுவில் ஒரு பொது அட்டைக் கட்டு வைக்கிறோம். யார் எடுத்தாலும் அந்தத் தொழில் முழுக்க ஒரு நிறம் ஏறும்.

அடுத்த ஆட்டத்தில் ஏதென்ஸ் அட்டையும் உண்டு. 225, 300 இரண்டையும் அட்டையிலேயே அச்சடித்துவிட்டோம். ஆர்க்டூரஸ் எழுவது ஆறாவது சுற்றில்.