கதவைக் கவனிக்காமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதுமா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு: சென்னை, சிறிய ஹேட்ச்பேக்

காரோடு வந்த கதவு ஸ்பீக்கர்களை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த பிராண்டு வாங்கலாம் என்பதுதான். கதவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் காரின் முன்கதவுகளைப் பிரித்து வேலையை முடித்த பிறகு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: கையில் இருக்கும் பணத்தில் பாதியை ஸ்பீக்கருக்கு வைத்துக்கொண்டு மீதியைக் கதவுக்குக் கொடுங்கள்.

நான் காரில் அதிகம் கேட்பது கச்சேரிப் பதிவுகள். பழைய ஸ்பீக்கரில் பாட்டு தெளிவாகக் கேட்கும், வயலினும் கேட்கும், மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்களும் கேட்கும். அதன் மறுபக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் மட்டும் காணாமல் போய்விடும். பேஸைக் கூட்டினால் கும்கி வருவதற்குப் பதில் கதவின் உள்பக்க மூடியான டோர் பேட் கடகடவென்று அதிரும். ஒரு நல்ல தனி ஆவர்த்தனத்தை அப்படிக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

டோர் பேடைக் கழற்றி ஸ்பீக்கரைக் கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. பிளாஸ்டிக் சட்டம், மெல்லிய காகிதக் கூம்பு, பின்னால் சிறிய காந்தம், அவ்வளவுதான். விலையைக் குறைக்க வேண்டிய இடத்தில் தயாரிப்பாளர்கள் குறைத்திருக்கிறார்கள். மாற்றாக நான் தேர்ந்தெடுத்தது அதே 6.5 அங்குல அளவில், மேல்ஸ்தாயி ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் நடுவிலேயே பொருத்தியிருக்கும் கோஆக்சியல் வகை: பாலிபுரொப்பிலீன் கூம்பு, ரப்பர் விளிம்பு, இரும்புச் சட்டம். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் காகிதத்தைவிட இது தாங்கும். ட்வீட்டரும், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரும் தனித்தனியாக வரும் கம்போனென்ட் வகை இன்னும் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் என் காரில் ட்வீட்டர் வைக்க இடமே கிடையாது; புதிதாகத் துளை போட எனக்கு மனமில்லை.

வாங்கும்போது வாட் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 300 வாட், 350 வாட் என்று இருக்கும். அது கண நேர உச்சம். தொடர்ந்து தாங்கும் அளவைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண் சிறிய எழுத்தில் பின்பக்கம் இருக்கும். ஸ்டீரியோவின் கதையும் இதுதான். நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட் என்று முகப்பில் எழுதியிருந்தாலும், காரின் 14.4 வோல்ட் மின்னழுத்தத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படியே 26 வாட்டுக்கு மேல் சிதையாமல் போகாது. நடைமுறையில் அதற்கும் குறைவு. அதனால் தனி ஆம்ப்ளிஃபையர் வைக்காதவர்கள் பார்க்க வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. 89 டெசிபல் ஸ்பீக்கர் எழுப்பும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் பாதி மின்சக்தியிலேயே கொடுத்துவிடும்.

சென்னையில் கார் உதிரிக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கியபோது ஒன்று கவனித்தேன். காட்சிக்கு வைத்திருக்கும் ஸ்பீக்கர்களை எல்லாம் கனமான மரப்பலகையில் இடைவெளியே இல்லாமல் பூட்டியிருக்கிறார்கள். அங்கே எது போட்டாலும் பேஸ் வரும். அதே ஸ்பீக்கரைத் தகரக் கதவில் மாட்டினால் வராது.

ஏன் வராது? கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டு அலைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், அதாவது காரின் அகலத்தைவிட அதிகம். அவ்வளவு நீண்ட அலை, கதவின் உள்தகட்டில் இருக்கும் பெரிய துளைகள் வழியாக மிக எளிதாகச் சுற்றி வந்துவிடும். கண்ணாடி மோட்டாரையும் பூட்டையும் பழுதுபார்க்கக் கையை உள்ளே நுழைப்பதற்காக விட்டிருக்கும் துளைகள் அவை. தொழிற்சாலையில் அவற்றின் மேல் ஒரு பாலித்தீன் தாளை மட்டும் ஒட்டியிருப்பார்கள். கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி. விரிசல் விட்ட கடத்தை எந்த வித்துவானிடம் கொடுத்தாலும் நாதம் வராது.

என் கதவில் செய்தது இது. வெளித்தகட்டின் உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அலுமினியத் தாள் பூசிய பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட்டை (அதிர்வை அடக்கும் தாள்) ஒட்டி, உருளையால் அழுத்தி எடுத்தோம். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் நாலில் ஒரு பங்கு ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். விரலால் தட்டிப் பாருங்கள், ‘டங்’ என்பது ‘டொப்’ என்று மாறும். தார் கலந்த மலிவான ஷீட்டை நம் ஊர் வெயிலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாற்றம் எடுக்கும், மே மாதத்தில் இளகி வழியும். பிறகு உள்தகட்டின் துளைகளை அடைத்தோம். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு வடிகால் துளைகளை மட்டும் தொடவே கூடாது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அடைத்தால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் ரிங் விஷயத்தில், மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் வேண்டாம். அது ஈரம் குடித்து உப்பிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் ரிங் கேட்டு வாங்குங்கள். திருகுகளை இறுக்குவதற்கு முன் கண்ணாடியை முழுவதும் இறக்கிப் பார்க்க வேண்டும். புதிய ஸ்பீக்கரின் காந்தம் பருமனாக இருந்தால் கண்ணாடி அதில் இடிக்கும். கடைசியாக, ஸ்பீக்கருக்கும் டோர் பேடின் வலைக்கும் நடுவே ஒரு நுரை வளையம். அது இல்லாவிட்டால் ஒலியில் ஒரு பங்கு டோர் பேடுக்குப் பின்னாலேயே அலைந்துகொண்டிருக்கும்.

இப்போது கும்கி கேட்கிறது. பேஸ் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தே கேட்கிறேன். கதவை மூடும் சத்தம்கூடக் கனமாகிவிட்டது. உங்கள் காரில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

பதில்: திருநெல்வேலி, செடான்

அண்ணா, அந்தப் பாலித்தீன் தாளைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு கடையில் ஸ்பீக்கர் மாற்றினேன். பாட்டு அருமையாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே மேட் நனைய ஆரம்பித்தது. முன்பக்கக் கண்ணாடியின் ரப்பரைச் சந்தேகித்தோம், ஏசி வடிகால் குழாயைச் சந்தேகித்தோம். கார்ப்பெட்டில் புளித்த வாடை வந்த பிறகுதான் ஒரு மெக்கானிக் டோர் பேடைக் கழற்றினார். ஸ்பீக்கரை எடுக்க வசதியாக அந்தத் தாளைப் பிளேடால் கிழித்துவிட்டு, ஒட்டாமல் அப்படியே மூடியிருக்கிறார்கள். கதவுக்குள் இறங்கும் நீர் காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். புதிய தாள் வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டிய பிறகு ஒரு சொட்டு வரவில்லை. வேலை நடக்கும்போது கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடிக்கப் போனால்கூட, திரும்பி வரும்வரை டோர் பேடை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பதில்: கோயம்புத்தூர், எஸ்யூவி

எனக்கு வந்த சிக்கல் வேறு. நல்ல ஸ்பீக்கர், கதவிலும் முறையாக ஷீட் ஒட்டியாயிற்று. ஆனாலும் பேஸ் பழையதைவிடக் குறைவு. பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவியது. என் அப்பா வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர். காரில் ஏறி உட்கார்ந்தவர் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளச் சொன்னார். பேஸ் வந்தது. முழுக்க வலப்பக்கம் தள்ளினோம், அப்போதும் வந்தது. நடுவில் வைத்தால் மறைந்தது. “ஒரு பக்கம் வயர் மாறியிருக்கிறதம்மா” என்றார். இரண்டு கூம்புகளும் சேர்ந்து முன்னால் வர வேண்டியதற்குப் பதில் ஒன்று வரும்போது மற்றொன்று பின்னால் போயிருக்கிறது.

டோர் பேடைத் திறந்ததும் ஸ்பீக்கரிலிருந்து கப்ளரை (வயர் முனையின் இணைப்பான்) கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் செல்லை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் கணநேரம் தொட்டுக் காட்டினார். பிளஸ்ஸுக்குப் பிளஸ் என்றால் கூம்பு வெளியே வரும். அப்படிச் சரிபார்த்ததில் வலக்கதவின் கப்ளரில் வயர் இரண்டும் இடம் மாறியிருந்தன. மாற்றியவுடன் குரல் டேஷ்போர்டின் நடுவில் வந்து நின்றது. அப்பாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த நிறைவை இன்னும் மறக்கவில்லை. (ட்வீட்டரில் இந்தச் சோதனை உதவாது, அசைவு கண்ணுக்குத் தெரியாது.)

பதில்: ஓசூர், ஹேட்ச்பேக்

ஒரு எச்சரிக்கை, ஒரு கேள்வி. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. இடிபட்ட கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென உயர்வதை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. அப்படிப்பட்ட காரில் உள்தகட்டை வெட்டுவதோ, துளைகளை இஷ்டப்படி திறப்பதும் அடைப்பதுமோ ஆபத்து. சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். கதவு வயரையும் அறுக்க விடாதீர்கள். உங்கள் காருக்கான கப்ளர் கடையிலேயே கிடைக்கும், வாரண்டி வம்பு வராது.

கேள்வி: பின்கதவு ஸ்பீக்கர்களையும் மாற்ற வேண்டுமா? என் காரில் முன்னால் தனி ட்வீட்டரும் உண்டு. கோஆக்சியல் போட்டால் அதை என்ன செய்வது?

தொடக்கப் பதிவர்

சென்சார் பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி நண்பரே. இது எல்லாருக்கும் தெரிய வேண்டியது.

பின்கதவுகளை நான் தொடவில்லை. ஓட்டுபவருக்கு ஒலி முன்னாலிருந்துதான் வர வேண்டும். ஒலியை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடும் ஃபேடரை முன்பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். பின்னால் செலவழிக்கும் பணத்தில் முன்கதவுகளுக்கு இன்னும் நல்ல ஷீட் வாங்கலாம்.

ட்வீட்டர் விஷயத்தில் நீங்கள் கம்போனென்ட் வகைக்கே போங்கள், இடம் தயாராக இருக்கிறதே. கோஆக்சியல்தான் வேண்டும் என்றால் பழைய ட்வீட்டரைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் அது ஒரு சிறிய கெப்பாசிட்டரோடு கதவு ஸ்பீக்கரின் வயரிலேயே இணையாகத் தொங்கும். இரண்டு ட்வீட்டரும் சேர்ந்து பாடினால் ஜால்ரா காதைக் குத்தும், ஸ்டீரியோவுக்கும் சுமை கூடும். ஸ்டீரியோவில், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். அதற்குக் கீழே உள்ளதை 6.5 அங்குலக் கூம்பிடம் வற்புறுத்திக் கேட்டால் குரலும் சேர்ந்து கலங்கும். கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைப் புதியவை வந்த பெட்டியிலேயே போட்டு வையுங்கள், காரை விற்கும் நாளில் திரும்ப மாட்டிவிட்டு இவற்றை அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம்.