கொசுவலையில் ஒரு மூலை

குழு: நம் வீட்டார், தூத்துக்குடி

வெள்ளிக்கிழமை

அம்மா (காலை 6.10): மாடி அறைக் கொசுவலையில் ஒரு மூலையைச் சதுரமாகக் கத்தரித்திருக்கிறார்கள். எலி இவ்வளவு நேராகக் கடிக்காது. யார் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஜெனி (6.31): நான் திருநெல்வேலியில் இருக்கிறேன் அம்மா. அந்த வீட்டில் இருப்பது ஒருவன்தான்.

அருள் (6.40): மன்னித்துவிடுங்கள் அம்மா. ஒரு சாண்தான் வெட்டினேன். மீனுக்குச் செதில் போட வேண்டியிருந்தது.

அம்மா (6.41): மீனுக்குச் செதிலைக் கடவுள் கொடுக்கவில்லையா?

அருள் (6.45): இது தூண்டிலில் மாட்டிப் பெரிய மீனை ஏமாற்றிப் பிடிக்கும் மர மீன். மாமா கொடுத்த பழைய கட்டுமரக் கட்டையில் செதுக்கியது, 11 சென்டிமீட்டர் நீளம். சாளை (மத்தி) மீன் போல வண்ணம் அடிக்கப் பார்த்தேன். அடிப்பூச்சாக அடித்த வெள்ளை பிரைமர் உலர்ந்ததும் வலையை இழுத்துச் சுற்றி, வயிற்றுப் பக்கம் துணி கிளிப் போட்டு, மேலே, காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் நீலம் அடித்தேன். வலையைப் பிரித்தால் கண்ணி கண்ணியாகச் செதில் விழுந்திருக்க வேண்டும்.

[படம்]

ராஜா அத்தான் (7.02): இது செதில் இல்லை மச்சான், மழையில் நனைந்த கோலம். காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. வைத்தாய்?

அருள் (7.03): 45.

ராஜா அத்தான் (7.04): கார் டயருக்கே 30 பக்கம்தான் அடிப்போம். இதற்கு 20 போதும், மிஞ்சினால் 25. வண்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும். விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். கையை நகர்த்த ஆரம்பித்த பிறகு இழு, நிறுத்தும் முன் வண்ணத்தை விட்டுவிடு, காற்று கடைசியில் நிற்கட்டும். நீ கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு இழுத்திருக்கிறாய். அதனால்தான் சிலந்திக்கால் போல ஓடியிருக்கிறது. வலைக்கு நேர் எதிரே பிடி. சாய்த்துப் பிடித்தால் நூலுக்கு அடியில் வண்ணம் புகுந்து கண்ணி கலைந்துவிடும்.

அருள் (7.06): அங்கங்கே பொட்டுப் பொட்டாகத் தெறித்திருக்கிறதே, அது?

ராஜா அத்தான் (7.08): கம்ப்ரசரில் சேர்ந்த தண்ணீர். நம் கடற்கரைக் காற்றுக்குத் தினமும் தொட்டியின் அடித் திருகைத் திறந்து வடிக்க வேண்டும். பட்டறையில் பையன்களிடம் நான் நாள்தோறும் கத்துவது இதற்குத்தான். தலைப்பக்கம் வண்ணம் ஒட்டாமல் குழி விழுந்திருக்கிறதே, நேற்று இரவு என்ன சாப்பிட்டாய்?

அருள் (7.09): பொரித்த பரோட்டா.

ராஜா அத்தான் (7.09): அந்த எண்ணெய்தான். பிரைமருக்கு முன் 400 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய், ஸ்பிரிட்டால் துடை, பிறகு உடம்பில் விரல் படக் கூடாது. வாலில் ஒரு கம்பியை மாட்டி அதைப் பிடித்துக்கொண்டு அடி.

சேவியர் மாமா (8.15): படகுத் துறையில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். மருமகனே, முள் மாட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தாயா?

அருள் (8.17): வண்ணம் முடியட்டும் என்று இருக்கிறேன் மாமா.

சேவியர் மாமா (8.22): வண்ணம் முடிந்த பிறகு, எடைக்கு உள்ளே வைக்கும் ஈயத்தைக் கூட்டவும் குறைக்கவும் எங்கே துளைப்பாய்? வெறும் கட்டைக்கு வார்னிஷ் கொடுத்து, முள்ளும் வளையமும் மாட்டி, வாளியில் விடு. முதுகு மேலே நிற்க வேண்டும். கடைசியில் மேல்பூச்சாக எபாக்ஸி பிசின் ஏறினால் எடையும் ஏறும், அதையும் கணக்கில் வை. கட்டை பக்கவாட்டில் சாய்ந்தால் நீ ராத்திரி விழித்து வரைந்தது செத்த சாளை.

அம்மா (8.24): ராத்திரி விழித்தா?

சேவியர் மாமா (8.30): இன்னொன்று. அந்த வயிற்றில் ஆரஞ்சு எதற்கு?

அருள் (8.31): எடுப்பாக இருக்கும் என்று.

சேவியர் மாமா (8.39): சந்தையில் பத்து ரூபாய்க்குச் சாளை வாங்கி வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார். முதுகு கருநீலம், வயிறு வெள்ளை, செவுள் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. அதைப் போட மறந்திருக்கிறாய். செதிலை நீ எண்ணலாம், அதைத் தின்ன வரும் பாரை மீன் எண்ணாது. கூட்டத்தில் ஒரு சாளை புரளும்போது பளிச்சென்று மின்னும், பாரை அந்த மின்னலுக்குத்தான் பாயும். உன் மீனில் எல்லாம் இருக்கிறது, மின்னல் மட்டும் இல்லை.

விமல் (8.50): மாமா சொல்வது சரி. ஆழம் போகப் போகத் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான், அடுத்து ஆரஞ்சை. பின்லாந்தில் லவுரி ரபாலா என்ற மீனவர் 1936இல் தக்கையில் செருப்புத் தைப்பவர் கத்தியால் ஒரு மீன் செதுக்கினார். வெள்ளிக்கு சாக்லேட் சுற்றிய தாள், மேல்பூச்சுக்கு உருக்கிய போட்டோ நெகட்டிவ். ஏர்பிரஷ் எதுவும் கிடையாது. இன்று உலகமெங்கும் அவர் பெயரில் இப்படிப்பட்ட பொய்மீன் (லூர்) விற்கிறது.

அம்மா (8.52): சாக்லேட் தாளோடு நின்றாரே. நல்ல மனிதர்.

ராஜா அத்தான் (8.58): சாக்லேட் தாள்கூட வேண்டாம். ஏசி குழாயில் ஒட்டும் அலுமினிய டேப் பட்டறையில் கிடக்கிறது. கொசுவலையை மேசையில் விரித்து, டேப்பை மேலே வைத்து, கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய். செதில் டேப்பிலேயே பதிந்துவிடும். கட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டு முதுகில் மட்டும் நீலம் அடி. ஒளி ஊடுருவும் நீலமாக வாங்கு. கெட்டி நீலம் அடித்தால் டேப்பின் பளபளப்பு போய்விடும். விலாவில் இறங்கும்போது கையைத் தள்ளிப் பிடித்துக்கொள், நீலம் புகைபோல மங்கி வெள்ளியில் கரையும். தூரிகையால் வராத வேலை அது ஒன்றுதான்.

அருள் (9.01): மேல்பூச்சுக்கு காருக்கு அடிக்கும் உங்கள் நிறமற்ற கிளியர் கொஞ்சம் கிடைக்குமா அத்தான்?

ராஜா அத்தான் (9.03): கிடைக்காது. அது நுரையீரலுக்கு ஆகாத சரக்கு, நானே முகமூடி இல்லாமல் தொடுவதில்லை. இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி வாங்கு. பூசிவிட்டு அது இறுகும்வரை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் வழிந்து வயிற்றில் தொங்கும். மைக்ரோவேவ் தட்டைச் சுற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான் போகும். அது பொருத்தம்.

அம்மா (9.04): நம் வீட்டு மைக்ரோவேவ் பக்கம் யாராவது போனால் நடப்பது வேறு.

ராஜா அத்தான் (9.05): பட்டறையில் பழுதானது ஒன்று இருக்கிறது அத்தை. மோட்டாரைக் கழற்றித் தருகிறேன்.

அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை

அருள் (காலை 7.48): மணப்பாட்டில் இருக்கிறேன். ஆறாவது வீச்சில் அடித்தது! ஊளி மீன் என்று நினைக்கிறேன். கரைக்குப் பன்னிரண்டு அடி இருக்கும்போது முள் கழன்றுவிட்டது.

அம்மா (7.50): அப்படியென்றால் மதியத்துக்கு நான் மீன் வாங்க வேண்டும்.

சேவியர் மாமா (7.55): கட்டை மிஞ்சியதா? படம் போடு.

[படம்]

சேவியர் மாமா (8.01): ஊளிதான். பாரை இப்படிக் கிழிக்காது. விலாவில் வெள்ளி இருந்த இடத்தில்தான் பல் பதிந்திருக்கிறது. செவுள் பொட்டையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறது பார்.

அருள் (8.03): எபாக்ஸியைத் துளைத்து மரம் தெரிகிறது மாமா. இன்னும் வீசலாமா?

சேவியர் மாமா (8.04): வீசாதே. தண்ணீர் இறங்கினால் கட்டை ஊதி வண்ணம் தோல்போல உரிந்துவிடும். வெயிலில் காய வை.

ராஜா அத்தான் (8.10): நன்றாகக் காய்ந்த பிறகு துளையில் நகப்பூச்சு இரண்டு கோட் வை. அடுத்த எபாக்ஸி வரை தாங்கும்.

ஜெனி (8.11): என் பழைய அலமாரியை யாரும் திறக்கக் கூடாது.

அருள் (8.12): நிறமில்லாதது ஒன்று இருந்தால் போதும் அக்கா.