ஒருங்கிணைந்த அறிக்கையா, இயைபறிக்கையா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

ஓர் அமைப்பு தன் பணம், அறிவு, மனிதர், இயற்கை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் காட்டும் ‘இன்டக்ரேட்டட் ரிப்போர்ட்டிங்’ என்ற அறிக்கை முறைக்கு ‘ஒருங்கிணைந்த அறிக்கை’ போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிக் கணக்கு, ஆய்வுப் பட்டியல், விடுதி விவரம் எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் தைத்த புத்தகம்தான் அந்தச் சொல்லில் தெரிகிறது.

இந்த அறிக்கை முறைக்காக 2013-இல் வெளியான பன்னாட்டுச் சட்டகம் ஆறு மூலதனங்களைச் சொல்கிறது: நிதி, கட்டடமும் கருவியும், அறிவு, மனிதர், சமூக உறவு, இயற்கை. ஒன்றில் கை வைத்தால் மற்றவை என்னாகின்றன என்று காட்டுவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் பேராசிரியர் இடங்களை நிரப்பாமல் விட்டால் நிதிக் கணக்கில் அது மிச்சம், அறிவுக் கணக்கில் நட்டம். இரண்டையும் வேறு வேறு பக்கங்களில் எழுதினால் மிச்சம் மட்டுமே கண்ணில் படும்.

நம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தைப் பாருங்கள். சில்வர் ஓக் நிழல் தருகிறது, அதில் மிளகுக் கொடி ஏறுகிறது, கீழே காப்பி நிற்கிறது. மரத்தை வெட்டி விற்றால் காசு வரும். மிளகு போகும், காப்பி வெயிலில் வாடும். தோட்டக்காரர் இதையெல்லாம் சேர்த்தேதான் கணக்குப் போடுவார்.

அதனால் ‘இயைபறிக்கை’ என்கிறேன். யாப்பில் அடிகளின் ஈறுகள் ஒன்றி வருவது இயைபு. அடிகள் தனித்தனியாக நின்றாலும் ஓசை அவற்றைக் கட்டுகிறது. ‘கூட்டறிக்கை’ ஆகாது, அது தலைவர்கள் சேர்ந்து விடுவது.

‘எத்திகல் கவர்னன்ஸ்’ என்பதற்கு ‘அறவழி ஆளுகை’ சரியாக இருக்கும். ‘ஆளுகை’க்குப் பதில் ‘நிர்வாகம்’ என்று வைக்க முடியாது. நிர்வாகம் என்பது பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரும் பதிவாளரும் அன்றாடம் நடத்துவது. அவர்களைக் கேள்வி கேட்கும் ஆட்சிக்குழுவின் பொறுப்பை அந்தச் சொல் தாங்காது. நிறுவன ஆளுகை பற்றிய தென்னாப்பிரிக்காவின் 2009 கிங் அறிக்கை, இயைபறிக்கை, அறவழி ஆளுகை இரண்டையும் சேர்த்தே பேசியது, கம்பெனிகளோடு நிற்காமல் எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தும் என்றது. இங்கே 2017-இல் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி, முன்னணியில் உள்ள 500 பங்குச்சந்தை நிறுவனங்கள் விரும்பினால் இப்படி அறிக்கை தரலாம் என்றது.

அப்புறம் ‘மூலதனம்’. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரருக்கு அது ‘முதல்’தான். அறிவுமுதல், இயற்கைமுதல் என்று வைக்க ஆசை. ஆனால் ‘நிதிமுதல்’ என்றால் ‘நிதியில் தொடங்கி’ என்று படித்துவிடுவார்களோ? இதற்கு உங்கள் கருத்து வேண்டும், ஐயா.