999 ரூபாய் ஆயில் சேஞ்ச்: மணி மாமாவிடம் கேட்டது

குழு: மடிப்பாக்கம் வீடு

கார்த்தி, காலை 7:05
[புகைப்படம்]
இன்று பேப்பருக்குள் இந்த நோட்டீஸ் இருந்தது. கார் ஆயில் சேஞ்ச், பில்டரோடு சேர்த்து 999 ரூபாயாம். வேளச்சேரியில் புதுக் கடை. கம்பெனி சர்வீஸில் போன தடவை ஆயில், பில்டர், லேபர் மட்டுமே 3,400 ஆனது. மணி மாமா, இவர்களுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகிறது? போகலாமா?

பெரியப்பா, காலை 7:12
நான் போன வருஷம் இப்படி ஒரு கடையில்தான் மாற்றினேன். 20 நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. கம்பெனியில் ஏசி ரூமுக்கும் காப்பிக்கும் சேர்த்து நம்மிடம் வாங்குகிறார்கள்.

அம்மா, காலை 7:20
அண்ணா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவன் மலிவு என்று ஒரு இடத்துக்குப் போய்வந்த பிறகுதான், வாசலில் கோலம் போடும் இடத்தில் ஆயில் சொட்டிச் சொட்டித் திட்டாகிவிட்டது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன், இன்னும் போகவில்லை.

மணி மாமா, காலை 7:48
நடைப்பயிற்சியில் இருந்தேன். வாய்ஸ் அனுப்பினால் சித்தி ஆபீஸில் கேட்க முடியாது, அதனால் டைப் செய்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும்.

மணி மாமா, காலை 7:55
பெரியப்பா சொல்வதில் பாதி சரி. மலிவுக் கடை என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், ஆயில் மாற்றும் வேலையைப் பல வருஷம் செய்தவன் நான். முதல் காரணம் பேரல். நாம் வாங்குவது 1 லிட்டர், 3 லிட்டர் கேன். கடைக்கு வருவது 210 லிட்டர் பேரல். கேன், மூடி, லேபிள், டீலர் கமிஷன் எல்லாம் குறைவதால் லிட்டருக்கு நல்ல வித்தியாசம் இருக்கும். பேரல் என்றால் மட்டமான சரக்கு என்று நினைக்காதே. அதே கம்பெனி, அதே கிரேடு என்றால் உள்ளே இருப்பது அதே ஆயில்தான். பெரிய சர்வீஸ் சென்டர்களிலும் பேரலிலிருந்துதான் ஊற்றுகிறார்கள்.

மணி மாமா, காலை 8:02
இரண்டாவது, அவர்கள் வேறு வேலை எடுப்பதில்லை. வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய ஒரு குழி, இரண்டு பையன்கள், நாள் முழுக்க இதே வேலை. கை பழகிவிடும். லிப்ட், ஸ்கேனர், பெயின்ட் பூத் என்று முதல் போட வேண்டியதில்லை. அப்புறம், கழற்றி எடுக்கும் பழைய ஆயிலுக்கும் காசு வரும். லிட்டர் கணக்கில் வாங்கிப் போக ஆள் இருக்கிறது.

திவ்யா, காலை 8:05
பழைய ஆயிலை வாங்கி என்ன செய்வார்கள் மாமா?

மணி மாமா, காலை 8:11
முறைப்படி அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போக வேண்டும். 2016 அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் அது வருகிறது. ஆனால் நடைமுறையில் நிறைய ஆயில் கட்டட வேலைக்குப் போய்விடும். சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்கத் தடவுவார்கள். நம் தெருவில் மாடி எடுத்தபோது கருப்பாக ஒரு டின் இருந்ததே, அதுதான். சிலர் மழைநீர்க் கால்வாயிலேயே கொட்டிவிடுகிறார்கள். அது எனக்குத் தாங்காது. நம் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது.

சித்தி, காலை 8:30
அப்படியென்றால் 999 நியாயமான விலைதானா?

மணி மாமா, காலை 8:44
இல்லை, இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். கார்த்தி வண்டிக்கு 3 லிட்டருக்கு மேல் பிடிக்கும். மேனுவலில் போட்டிருப்பது 0டபிள்யூ-20 என்ற இளகலான கிரேடு. அது சிந்தெடிக், விலை கூடுதல். பில்டரையும் சேர்த்தால் 999க்கு அந்த ஆயிலை ஊற்ற வழியே இல்லை. அப்படியென்றால் பேரலில் இருப்பது பெரும்பாலும் 20டபிள்யூ-40 மினரல், அதாவது கெட்டியான சாதாரண ஆயில். ஒரே பேரலை எல்லா வண்டிக்கும் ஊற்றுவதால்தான் விலை இறங்குகிறது. பெரியப்பாவுடையது பழைய வண்டி, அதற்கு அது ஒத்துப்போகும். கார்த்தி வண்டிக்கு ஒத்துப்போகாது.

பெரியப்பா, காலை 8:50
மெட்ராஸ் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று மெக்கானிக் சொன்னாரே மணி?

மணி மாமா, காலை 9:03
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் அண்ணா. இன்ஜின் சூடு வெளி வெயிலைப் பொறுத்தது இல்லை. ஊட்டியாக இருந்தாலும் சென்னையாக இருந்தாலும் தெர்மோஸ்டாட் அதைக் கிட்டத்தட்ட 90 டிகிரியில் பிடித்து வைத்திருக்கும். ஆயில் கிரேடில் இரண்டாவதாக வரும் எண் (20, 40), 100 டிகிரியில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்வது. முதல் எண் குளிர்ந்த நிலையில் ஓடும் தன்மை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நம் ஊரிலும் இன்ஜின் 28, 30 டிகிரியில்தான் இருக்கும். அந்த நேரத்தில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடப்பதே அந்தச் சில விநாடிகளில்தான். புது இன்ஜின்களில் ஆயில் போகும் துளைகளும் சின்னவை.

மணி மாமா, காலை 9:15
[புகைப்படம்]
அடுத்தது பில்டர். இரண்டையும் நானே ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். இடது பக்கம் இருப்பது நல்லது. காகித மடிப்புகள் நெருக்கமாக இருக்கின்றன பார், எண்ணிப் பார்த்தேன், 60க்கு மேல். வலது பக்கம் இருப்பதில் 38தான். மடிப்புகள் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. நல்லதில் வாய்க்கு உள்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ரப்பர் தட்டு இருக்கிறதா? இன்ஜின் நின்ற பிறகு பில்டரில் இருக்கும் ஆயில் கீழே வடியாமல் அதுதான் பிடித்து வைக்கும். வலது பக்கத்தில் அந்த ரப்பர் விறைத்துப்போய் உட்காரவே இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் இதையும் சந்தேகப்படு. வெளியே இரண்டும் ஒரே மாதிரி டப்பா, ஒரே மாதிரி பெயின்ட்.

கார்த்தி, காலை 9:18
மாமா, அந்தச் சத்தம் என் வண்டியில் இப்போதே வருகிறது.

அம்மா, காலை 9:20
நான் தினமும் கேட்கிறேன். கேட்டை உரசுகிறான் என்று நினைத்தேன்.

மணி மாமா, காலை 9:27
வாசல் சொட்டுக்கும் காரணம் சொல்கிறேன். கீழே பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டில் ஒரு வாஷர் இருக்கும். ஒரு தடவை இறுக்கினால் நசுங்கிவிடும், அடுத்த முறை புதிது போட வேண்டும். அதிக விலை இல்லை. ஆனால் தினம் நிறைய வண்டி பார்க்கிற கடையில் அந்தச் சின்னக் காசையும் மிச்சம் பிடித்துப் பழையதையே போட்டுவிடுகிறார்கள்.

சித்தி, காலை 9:40
என்னிடம் போன தடவை ஏர் பில்டரைக் கையில் எடுத்து வந்து காட்டி, தூசியைத் தட்டி, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். பிறகு இன்ஜினை உள்ளே கழுவும் ப்ளஷ், ஏசி பில்டர். 1,200 என்று போனவள் 4,000 கொடுத்துவிட்டு வந்தேன்.

மணி மாமா, காலை 9:46
அதுதான் அவர்களுடைய லாபமே. ஆயிலில் கையைக் கடித்தாலும் வண்டி கடைக்குள் வந்தால் போதும். இனிமேல் எதை மாற்றச் சொன்னாலும், எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று மேனுவலில் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை என்பார்கள். வாரன்டி இருக்கும் வண்டிக்கு அந்தப் பில்தான் சாட்சி. கட்டாயம் வாங்குங்கள்.

திவ்யா, காலை 9:52
என் ஸ்கூட்டருக்கு அங்கே போகலாமா?

மணி மாமா, காலை 9:58
கார் ஆயிலை ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள். ஸ்கூட்டர் ஆயில் கேனில் எம்.பி. (MB) என்று போட்டிருக்கும், கியர் பைக் ஆயிலில் எம்.ஏ. (MA). கியர் பைக்கில் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து ஓடுவது. கார் ஆயில் போட்டால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

கார்த்தி, காலை 10:05
அப்படியென்றால் நான் என்ன செய்வது மாமா?

மணி மாமா, காலை 10:16
ஆயிலும் பில்டரும் வாஷரும் நீயே வாங்கு. வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் கம்பெனி டீலரிடம் பில் போட்டு வாங்கு. அதே 999 கடைக்கு எடுத்துப் போய், லேபர் மட்டும் எவ்வளவு என்று கேள். கேன் மூடியின் சீலை உன் கண் முன்னால் உடைக்கச் சொல். காலிக் கேனைக் கடையில் விட்டுவிடாதே. அதில் வேறு ஆயிலை நிரப்பி மூடி போட்டு விற்க ஆள் இருக்கிறது. கத்தியால் கிழித்துவிட்டுப் போடு.

கார்த்தி, சனி மாலை 5:30
போய்விட்டு வந்தேன் மாமா. பேரல் லேபிளைக் காட்டச் சொன்னேன், மறைக்காமல் காட்டினார்கள். நீங்கள் சொன்னபடி 20டபிள்யூ-40. வாங்கிப் போனதைப் போட லேபர் 300 கேட்டார்கள். வாஷரை நானே பையன் கையில் கொடுத்தேன். மொத்தம் 2,650 ஆனது. கேனையும் கிழித்துவிட்டேன்.

மணி மாமா, சனி மாலை 5:41
நல்லது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வை.

அம்மா, ஞாயிறு காலை 6:10
அட்டையில் ஒரு சொட்டும் இல்லை அண்ணா. சத்தமும் இல்லை, இப்போதுதான் ஸ்டார்ட் செய்தான்.

மணி மாமா, ஞாயிறு காலை 6:25
இன்னும் இரண்டு நாள் அட்டை கிடக்கட்டும். கார்த்தி, 10,000 கிலோமீட்டர் என்று காத்திருக்காதே. வேளச்சேரி நெரிசலில் வண்டி ஓடுவதைவிட நின்று உறுமுவதுதான் அதிகம். 7,500லேயே மாற்று. இப்போது ரீடிங் எவ்வளவு?

கார்த்தி, ஞாயிறு காலை 6:31
48,310. பானட்டுக்கு உள்ளே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டேன் மாமா.